நல்ல தண்ணீரில் பிறக்கும் கொசு

ஆகஸ்ட் பிறந்ததும் கொல்கத்தாவின் தெருமுனைகளில் லாரி லாரியாக மூங்கில் வந்து இறங்கும். துர்கா பூஜைப் பந்தலுக்கான மூங்கில். கயிறு போட்டுக் கட்டி, சாரம் எழுப்பி, துணி போர்த்திப் பந்தல் முடிய இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் மழைக்காலம். அறுத்த மூங்கிலின் மேல்நுனி, முதல் கணு வரைக்கும் ஒரு குழல். அதில் அரை டம்ளர் மழைத்தண்ணீர் நின்றால் அதிகம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவுக்கு அதுவே தாராளம். அது முட்டையிட ஒரு பாட்டில் மூடித் தண்ணீர் போதும்.

இது யாருக்கும் தெரியாத செய்தி கிடையாது. மூங்கிலின் வாயை மணலாலோ துணியாலோ அடையுங்கள், பந்தலைப் பிரித்த பிறகு கால் நட்ட குழிகளை மூடுங்கள் என்று மாநகராட்சி பூஜைக் கமிட்டிகளுக்குச் சொல்லி வருகிறது. கமிட்டிக்காரர்களும் தலையாட்டுகிறார்கள். பந்தலிலேயே டெங்கு பற்றிய பதாகையும் கட்டுகிறார்கள். பதாகை கட்டிய மூங்கிலின் நுனி திறந்தே கிடக்கிறது.

டெங்கு கூடும்போதெல்லாம் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஓர் அதிகாரியோ அமைச்சரோ சொல்வது வழக்கம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுப்பவரைக் கேட்டாலும் டெங்கு கொசுவால் வருகிறது, அந்தக் கொசு பகலில் கடிக்கும், தண்ணீர் தேங்கக் கூடாது என்று சொல்வார். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். தொலைக்காட்சியில் தினமும் ஓடுகிறது. இவ்வளவு தெரிந்த நகரத்தில்தான் காய்ச்சல் ஆண்டு தவறாமல் வருகிறது. தெரிந்திருப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை காலை ஏணி போட்டு மாடிக்கு ஏறிப் பார்ப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று அறுந்து கிடக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

கொசுவைப் பற்றிக் கற்றுக்கொள்வதற்கு இந்த ஊருக்கு அவகாசம் குறைவாக இருந்ததில்லை. 1898-ல் ரொனால்டு ராஸ், மலேரியா கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து அதன் கடியால் பறவைக்குப் பறவை பரவுவதை இங்கேதான் முழுமையாக நிரூபித்தார். அவருடைய ஆய்வுக்கூடம் இருந்த வளாகம் இன்றைய எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, அங்கே அவருக்கு நினைவு வாயிலும் இருக்கிறது. 1902-ல் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில், நகரங்களில் கொசு ஒழிப்புப் படைகளை எப்படி அமைப்பது என்று தனி நூலே எழுதினார். டெங்குவின் கதையிலும் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், கல்கத்தாவில் காய்ச்சல் கண்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தார் ஆல்பர்ட் சேபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தைத் தந்த அதே சேபின். அடுத்து 1963. அந்த ஆண்டு மழைக்காலத்தில் நகரம் முழுக்கக் காய்ச்சல் பரவியது. பலருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது, இறப்புகளும் நேர்ந்தன. டெங்குவும் சிக்குன்குன்யாவும் சேர்ந்தே பரவியது தெரியவந்தது. இந்தியாவில் ஆய்வுக்கூடச் சோதனை மூலம் உறுதிசெய்யப்பட்ட முதல் டெங்குக் கொள்ளைநோய் அதுதான்.

ஆக, இந்தக் காய்ச்சல் கொல்கத்தாவுக்குப் புதிய விருந்தாளி கிடையாது. ஆனாலும் அதைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. கொசு என்றதும் எல்லோருடைய விரலும் சாக்கடையை நோக்கித்தான் நீளும். தெருவோரத் திறந்த வடிகால், குப்பைமேடு, நாற்றமடிக்கும் கால்வாய், அப்புறம் பக்கத்துக் குடிசைப்பகுதி. அங்கிருந்து வரும் கொசு பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகை. இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும், டெங்குவைப் பரப்பாது. ஏடிஸ் சுத்தமான தண்ணீரைத் தேடுவது. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில், நம் வீட்டு நிழலில் அது வளர்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அது அதிக தூரம் பறக்கவும் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள் தன் வாழ்நாளைக் கழித்துவிடுகிற கொசு அது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால், கடித்த கொசு அநேகமாக உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, பகலெல்லாம் நீங்கள் இருந்த பள்ளியிலோ அலுவலகத்திலோ பிறந்திருக்கும். முட்டையிலிருந்து முழுக்கொசு ஆக ஏழிலிருந்து பத்து நாள். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் போதும் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் போனாலும் சாகாமல் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும்.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளுக்குள் போனால் இது கண்முன்னே விளங்கும். நடுவில் முற்றம், அதன் ஓரத்தில் செங்கல் கட்டித் தளம் பூசிய தொட்டி. சௌபாச்சா என்பார்கள். குழாய்த் தண்ணீர் நேரம் வைத்து வரும். வரும்போது அதில் நிரப்பிவைத்து நாள் முழுக்க மொண்டு புழங்க வேண்டும். பல குடித்தனங்களுக்குப் பொதுவான தொட்டி. அதை யாரும் முழுக்கக் காலிசெய்வதில்லை. காலிசெய்தால் மறுபடி எப்போது நிரம்பும் என்ற பயம். மேலே மொள்ளுவார்கள், அடித்தண்ணீர் அப்படியே நிற்கும். கையில் டார்ச் எடுத்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். அரை நிமிடம் பொறுத்தால் மூச்சுவிட மறுபடி மேலே வரும். அந்தத் தண்ணீரில் நாற்றம் இருக்காது. அழுக்கு இருக்காது. பார்க்கத் தெளிவாக இருக்கும்.

இந்தத் தொட்டியை வைத்திருப்பவரைப் பார்த்து "உங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்வது அநியாயம். குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் வரும் என்றால் அவர் ஏன் சேமிக்கப் போகிறார்? சேமிப்பது அவருடைய அறியாமையால் வந்த பழக்கம் கிடையாது. தண்ணீர் வரும் முறையால் வந்தது. அவருக்குத் தேவை இறுக்கமான மூடி, வாரம் ஒருநாள் தொட்டியைக் கழுவ வழிசெய்யும் கூடுதல் நேரத் தண்ணீர், இல்லையென்றால் புழுவைத் தின்னும் கப்பி மீன். துண்டுப் பிரசுரம் இதில் ஒன்றையும் தராது.

தெற்கே அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. பால்கனியில் பூந்தொட்டிகள், அவற்றின் அடியில் தட்டு. கண்ணாடிக் குடுவையில் மணிபிளான்ட். குளிர்பதனப் பெட்டியின் பின்னால், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் ஒரு தட்டு. மாடியில் மூடி உடைந்த தொட்டி, லிஃப்ட்டின் அடிப்பள்ளம். லேக் மார்க்கெட், லேக் கார்டன்ஸ் பக்கம் பல தலைமுறையாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளும் இதற்கு விலக்கில்லை. துளசித் தொட்டியின் அடித்தட்டை எப்போது கடைசியாகக் கவிழ்த்தோம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

மாநகராட்சியின் 144 வார்டுகளிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், சொற்ப ஊதியத்தில் வேலை பார்ப்பவர்கள். கையில் ஒரு நோட்டு, டார்ச். நான்கு மாடி ஏறி மணியடித்தால், கதவு சங்கிலி போட்டபடி நான்கு விரற்கடை திறக்கும். உள்ளே ஒரு மாஷிமா, அதாவது வயதில் மூத்த பெண்மணி.

"மாஷிமா, தண்ணீர்த் தொட்டியும் மொட்டைமாடியும் ஒரு தடவை பார்க்கணும்."

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்லைம்மா. எல்லாம் சுத்தமா இருக்கு. நீ கீழே அந்தக் காலி மனையைப் போய்ப் பாரு. அங்கேதான் கொசு."

கதவு மூடிக்கொள்ளும். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். குடிசைப்பகுதிக்குள் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடியும். அங்கே மறுக்கும் துணிச்சல் குறைவு, மூடுவதற்குக் கதவும் பெரும்பாலும் இருக்காது. படித்தவர்கள் வாழும் கட்டடத்தில், காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. டெங்குவைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் வீட்டில்தான் சோதனை குறைவாக நடக்கிறது. அந்த மாஷிமா பொய் சொல்லவில்லை. வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. சுத்தமான வீட்டில் டெங்குக் கொசு இருக்காது என்ற நம்பிக்கைதான் அந்தச் சங்கிலியை எடுக்க விடாமல் தடுக்கிறது. இருபது ஆண்டுப் பிரச்சாரம் "சுத்தம், சுத்தம்" என்று மட்டும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்ட நம்பிக்கை அது.

காலி மனையைப் பற்றி அவர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கட்சிக்காரர்களும் தரகர்களும் கைவைக்கத் தயங்கும் வழக்கு மனைகள், பங்காளிச் சண்டையில் பூட்டிய பெரிய வீடுகள், பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட, பெற்றோர் காலமான பின் ஆளில்லாமல் கிடக்கும் பிளாட்டுகள். கொல்கத்தாவில் இவை ஏராளம். இவற்றில் எறியப்பட்ட தெர்மோகோல் தட்டுகள், இளநீர்க் கூடுகள், டயர்கள், ஊரெங்கும் டீ குடித்து வீசும் மண் குவளைகள். ஒவ்வொன்றும் ஒரு மழைக்குப் பிறகு ஒரு தொட்டி. மாநகராட்சிச் சட்டத்தின் 496ஏ பிரிவு, கொசு வளரவிடும் உரிமையாளருக்கு நோட்டீஸ் தரவும் வழக்குத் தொடரவும் அதிகாரம் தருகிறது. உரிமையாளர் யார் என்றே தெரியாத இடத்தில் நோட்டீஸை யார் கையில் கொடுப்பது? கட்டுமானப் பணி நடக்கும் இடங்களும் அரசு அலுவலக வளாகங்களும் இன்னொரு தலைவலி. தன் வளாகத்தையே ஒழுங்காக வைத்திராத அரசு, மாஷிமாவின் கதவைத் தட்டும்போது அதன் குரலில் பலம் இருக்காது.

காய்ச்சல் கூடியதும் தெருவுக்குப் புகை அடிக்கச் சொல்லிக் குரல் எழும். கவுன்சிலரும் உடனே புகை வண்டியை அனுப்பிவைப்பார். தெருவே வெள்ளையாக மறைந்து, சத்தமும் வாசனையுமாக ஏதோ பெரிதாக நடக்கிறது என்ற நிம்மதி எல்லோருக்கும். ஏடிஸ் அந்நேரம் கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும். புகை பறக்கும் கொசுவைத் தொட்டால் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வாரம் திரும்புவதற்குள் புதுக் கொசு வந்துவிடும். புகை கேட்பது குற்றம் இல்லை. புகை வந்ததால் தொட்டியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து.

தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் அறுந்த இழையை ஒட்டவைக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று நிகராகுவாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தது. நீல் ஆண்டர்சன் குழுவினர் நடத்தி 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான 'காமினோ வெர்தே' ஆய்வு அது. ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் வழக்கமான அரசுப் பணி. மறு பாதியில் அத்துடன் கூடுதலாக ஒன்று: கூடுதல் மருந்து எதுவும் தெளிக்காமல், அந்தந்த வீட்டுத் தண்ணீரில் இருந்த புழுவை அந்த வீட்டாருக்கே காட்டி, என்ன செய்வது என்பதைத் தெருக்காரர்களே கூடிப் பேசி முடிவெடுக்க விட்டார்கள். சில இடங்களில் மீன் விட்டார்கள், சில இடங்களில் மூடி செய்தார்கள். குழந்தைகளுக்குப் புதிதாக டெங்குத் தொற்று ஏற்படுவது அந்த ஊர்களில் 29.5 சதவீதம் குறைந்தது. முழுத் தீர்வாகாது என்றாலும் மலிவான ஒரு முறைக்கு இது பெரிய பலன். என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது அந்தப் புழு. சுவரொட்டியில் பெரிதாக அச்சடித்த கொசுப் படம் யாரையும் அசைக்காது. தன் வீட்டுத் தொட்டியில் மொண்ட தண்ணீர் வெள்ளைக் கிண்ணத்தில் நெளிவதைப் பார்த்தவர் அன்றைக்கே தொட்டியைத் தேய்ப்பார்.

சிங்கப்பூரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1968-லேயே தனிச் சட்டம், வீட்டுக்குள் வந்து பார்க்கும் அதிகாரிகள், புழு இருந்தால் அபராதம், தமிழ் உட்பட நான்கு மொழியிலும் அறிவிப்பு. அத்தனையும் செய்த சிங்கப்பூரிலேயே 2020-ல் 35,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கொசுவும் வீட்டுக்குள்தான் இருந்தது. அபராதத்தை மட்டும் நம்பினால் போதாது. அவர்கள் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பதை மறைக்காமல் உடனுக்குடன் வெளியிடுகிறார்கள். மக்கள் தங்கள் தெரு சிவப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது இதைத்தான்.

ஏனென்றால் மேற்கு வங்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2017-ல் கொல்கத்தாவை ஒட்டிய வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில், குறிப்பாக தேகங்காவில், காய்ச்சல் காட்டுத்தீயாகப் பரவியது. இறந்தவர்களின் சான்றிதழ்களில் டெங்கு என்ற சொல்லைத் தவிர்க்கிறார்கள் என்று குடும்பங்கள் குமுறின. 'அஜானா ஜ்வர்', அதாவது இனம் தெரியாத காய்ச்சல் என்ற சொல் பத்திரிகைகளில் நிறைந்தது. பாராசாத் மாவட்ட மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்து கிடக்கும் நிலையை ஃபேஸ்புக்கில் எழுதிய அரசு மருத்துவர் அந்த நவம்பரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு மாநிலத்துக்கு மத்திய அரசுப் பட்டியலில் பதிவான எண்ணிக்கை 37,746, இறப்பு 46. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு, 2018, 2019 கட்டங்களில், மேற்கு வங்கத்துக்கு எண்ணே இல்லை. 2022-ல் பதிவானது 67,271.

தன் தெருவில் எத்தனை பேருக்கு டெங்கு என்பதை ஒருவரால் தெரிந்துகொள்ள முடியாதபோது, அவர் எதைக் கண்டு பயந்து மாடிக்கு ஏறுவார்? எண்ணைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. சொல்லாதபோதுதான் வதந்தி பெருகுகிறது. கதவைத் திறந்து காட்டுங்கள் என்று மக்களிடம் கேட்கிற அரசு முதலில் தன் கணக்கேட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

நாம் தமிழ்நாட்டிலிருந்து இதைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டியதில்லை. 2012-ல் 66 பேரையும் 2017-ல் 65 பேரையும் டெங்குவுக்குப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல்லை நம் நாளிதழ்களும் எவ்வளவோ தடவை அச்சடித்திருக்கின்றன. நிலவேம்புக் குடிநீர் கொடுப்பதா வேண்டாமா என்று 2017-ல் நாம் போட்ட சண்டையில் பாதி ஆற்றலை மாடித் தொட்டிகளின் மூடிக்குச் செலவிட்டிருக்கலாம். கொல்கத்தாவுக்கு எல்லை தாண்டிய அண்டைவீட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 2023-ல் வங்கதேசத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 1,705 பேர் இறந்தார்கள்.

இறப்புகளில் பல, காய்ச்சல் வந்த பிறகு நாம் நடந்துகொள்ளும் விதத்தால் நேர்கின்றன. முதல் தவறு மருந்துக்கடை. உடம்புவலி தாங்காமல் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்தான். இரண்டாவது, தட்டணு பயம். எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்ததும் குடும்பமே ரத்த வங்கிகளுக்கு அலைகிறது. பப்பாளி இலையைத் தேடி ஒருவர் ஓடுகிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-ல் லான்செட்டில் வெளியான ஆய்வு, ரத்தக்கசிவு இல்லாத நோயாளிகளுக்கு எண்ணிக்கை இருபதாயிரத்துக்குக் கீழே போனாலும் முன்கூட்டித் தட்டணு ஏற்றுவதால் கசிவைத் தடுக்க முடியவில்லை என்று காட்டியது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேறொன்று. ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, ரத்த அழுத்தம் சரிவதுதான் அது. மருத்துவர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பது அந்த நீரின் அளவைத்தான்.

மூன்றாவது தவறுதான் மிகவும் வருந்தத்தக்கது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். வீட்டில் எல்லோரும் "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று பெருமூச்சு விடுவார்கள். பிள்ளை அசந்து தூங்குவதைப் பார்த்து நிம்மதியடைவார்கள். அந்த அசதியே எச்சரிக்கையாக இருக்கலாம். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வைரஸில் நான்கு வகை இருக்கின்றன. வேறு வகையால் இரண்டாவது முறை வரும்போதுதான் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

கொசுவலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் முதல் சில நாளில் அவரைக் கடிக்கும் கொசு, எட்டுப் பத்து நாள் கழித்து வீட்டில் மற்றவர்களுக்கு அதைக் கொடுக்கும். காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுத்தால் அந்தச் சங்கிலி அறுபடும். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே தெரியாது என்பதால் வலை மட்டும் போதாதுதான். இருந்தாலும் தெரிந்த ஒருவரையாவது கொசுவிடமிருந்து காப்பாற்றலாம்.

கொல்கத்தாவில் மாநகராட்சியின் வார்டு சுகாதார மையங்களில் டெங்கு ரத்தப் பரிசோதனை இலவசம். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 சோதனை, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். சோதனை. பூஜை விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். முடிவு டெங்கு என்று வந்தால் மறைக்காமல் வார்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் பார்க்க ஆள் வருவார்கள். அவர்கள் வரும்போது சங்கிலியை எடுத்துவிட்டு, மொட்டைமாடிச் சாவியையும் கொடுங்கள்.